மறுபடியும் உரியும் பூச்சு

கிண்டி, சைதாப்பேட்டைப் பக்கம் முப்பது நாற்பது ஆண்டுப் பழைய அடுக்ககங்களில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. பால்கனிக் கூரையிலோ சன்ஷேடின் அடியிலோ ஒரு நாள் சிமென்ட் பாளமாகப் பெயர்ந்து விழும். உள்ளே துருவேறிய கம்பி தெரியும். கொத்தனார் வருவார். தொங்கிக்கொண்டிருப்பதைத் தட்டிவிட்டு, கம்பியின் வெளிப்பக்கத்தைப் பிரஷால் தேய்த்து, 'கெமிக்கல்' கலந்த சாந்தை அப்பி, மட்டம் பிடித்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு மழைக்காலம் தாங்கும். பிறகு அதே இடத்திலோ, ஒரு சாண் தள்ளியோ மறுபடி பெயரும். போட்ட சாந்து மட்டமானது என்று சொல்லவும் முடியாது. பல நேரங்களில் அது பழைய கான்கிரீட்டைவிட வலுவானதாகவே இருக்கும். அப்படியானால் ஏன் நிற்கவில்லை?

வலுவான பொருளைப் போட்டால் ஒட்டு நிற்கும் என்றே நாம் நினைக்கிறோம். கடையில் 'இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது இருக்கா?' என்று கேட்பதும் அதனால்தான். இந்த அத்தியாயம் அந்த எண்ணத்தோடு முரண்படுகிறது. கான்கிரீட் பழுதுபார்ப்பில் பொருளின் வலு மூன்றாவது கேள்வி. எதனால் கெட்டது என்பது முதல் கேள்வி. புதியது பழையதோடு சேர்ந்து அசையுமா என்பது இரண்டாவது. பால்கனியில் இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் செலவு இரட்டிப்பாகும், அவ்வளவுதான். அணையிலிருந்து வெள்ளம் இறங்கும் தரையில் தலைகீழாக்கினால் ஊரைக் காலிசெய்ய வேண்டிவரும்.

கிண்டிக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம் என்று இந்த ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை. அடையாறு கிண்டித் தொழிற்பேட்டையின் ஓரமாகத்தான் ஓடுகிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட இரவுக்குப் பிறகு, ஒவ்வொரு நவம்பரிலும் தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடும் கன அடி எண்ணைப் படிக்க ஈக்காட்டுத்தாங்கலும் ஜாபர்கான்பேட்டையும் பழகிவிட்டன. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு ஷட்டர் இருக்கிறது. ஷட்டருக்குக் கீழே ஒரு கான்கிரீட் தரை இருக்கிறது. ஷட்டரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தரையைப் பற்றிப் பேச ஆளில்லை.

நீர் இறங்கும் தரை

ஏரியானால் கலிங்கு, அணையானால் உபரிநீர் போக்கி. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: கொள்ளாத நீரை, கரையை அரிக்கவிடாமல் கீழே இறக்கிவிடுவது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்கு 16 கண் மதகு. சென்னைக்காக 1944இல் கட்டப்பட்ட பூண்டி அணைக்கும் 16 மதகுகள். இவற்றைத் திறக்கும்போது படம் எடுக்கப் பெருங்கூட்டம் கூடும். படத்தில் தெரிவது நீர். பொறியாளரின் கவலையோ நீருக்கு அடியில்.

உயரமான அணையில் ஷட்டரைத் தாண்டிய நீர் ஒரு சரிவுத் தளத்தில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. கீழே வரும்போது அதன் வேகம் நெடுஞ்சாலைக் காரின் வேகம். அப்படியே ஆற்றில் விட்டால் படுகையைத் தோண்டி, அணையின் அடிவாரத்தையே பறித்துவிடும். ஆகவே அடியில் ஆழமான ஒரு தொட்டி கட்டி, நீரை அதற்குள்ளேயே புரண்டு கொந்தளிக்கவிட்டு, வேகம் தணிந்த பிறகு ஆற்றுக்கு அனுப்புகிறார்கள். இதை இங்கே அமைதித் தொட்டி என்று அழைப்போம். சரிவுத் தளத்தை ஒரே வார்ப்பாகப் போட முடியாது, வெயிலில் விரிந்து வெடித்துவிடும். அதனால் பெரிய பெரிய பலகைகளாக வார்த்து, இடையில் இணைப்பு விடுகிறார்கள். பலகைகளுக்கு அடியில் கசிவுநீர் வெளியேற வடிகால் குழாய்கள் பதிக்கிறார்கள்.

இந்தத் தளம் ஆண்டில் சில நாட்களே வேலை செய்கிறது, சில ஆண்டுகளில் ஒரு நாள்கூடச் செய்வதில்லை. மற்ற நாட்களில் வெயிலில் காய்ந்து கிடக்கும். பழுது இருந்தாலும் தெரியாது. தெரியவரும் நாளில் அதன்மேல் நீர் போய்க்கொண்டிருக்கும், இறங்கிப் பார்க்க முடியாது.

கெடுவதற்குப் பல வழிகள்

கம்பி உள்ள கான்கிரீட்டை முதலில் தின்பது துரு. புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறிக் காரத்தைக் குறைத்துவிடும். கடற்காற்றின் உப்பும், உப்பு ஏறிய போர்வெல் நீரில் போட்ட கலவையும் அந்தப் படலத்தை நேரடியாகத் துளைக்கும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்காகிறது. அந்தப் பெருக்கம்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளுகிறது. பெயர்ந்து விழுந்த பாளம் நோயின் கடைசிக் கட்டம்.

ஒரு சாண் தள்ளி மறுபடி பெயர்வதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. ஒரே கம்பியில் ஒரு பகுதி கரையும்போது, பக்கத்துப் பகுதி கரையாமல் காப்பாற்றப்படுகிறது. பழுதான இடத்தில் புதிய, காரமான சாந்தை வைத்ததும் அங்கே கரைவது நிற்கிறது. ஆனால் உப்பு ஊறிய பழைய கான்கிரீட் ஒட்டின் விளிம்பை அடுத்து அப்படியே இருக்கிறதே. இதுவரை காப்பாற்றப்பட்டிருந்த அந்தப் பகுதிக் கம்பி இனிக் கரையத் தொடங்கும். ஒட்டு எவ்வளவு நல்லதோ, அவ்வளவு வேகமாகப் பக்கத்து இடம் கெடலாம். கொத்தனார்மீது குறை சொல்லி என்ன பயன்? உப்பு ஊறிய பகுதி முழுவதையும், கம்பிக்குப் பின்புறம்வரை கொத்தி எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பணம் தர யாருக்கும் மனம் வருவதில்லை.

கம்பியே இல்லாத பழைய அணை உடலில் வேறு நோய். கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிவது அணைக்குள்ளிருந்து போனது. சில இடங்களில் ஜல்லியே பகையாகிறது. சிலவகைக் கற்களில் உள்ள சிலிக்கா, சிமென்டின் காரத்தோடு வினைபுரிந்து, ஈரத்தை உறிஞ்சி ஊதும் பசையாக மாறும். அணை உள்ளுக்குள்ளேயே பருத்து விரிசல் விடும். உத்தரப் பிரதேசத்தின் ரிஹந்த் அணையில் இது நடந்தது.

நீர் ஓடும் தளத்துக்கென்றே இரண்டு தனி எதிரிகள் உண்டு. ஒன்று, வெள்ளம் உருட்டிவரும் மணலும் கல்லும். அமைதித் தொட்டிக்குள் சிக்கிய கற்கள் வெளியேற வழியில்லாமல், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோலச் சுற்றிச் சுற்றித் தரையைக் குடைந்துவிடும். மற்றொன்று குமிழ்வெடிப்பு. மிக வேகமாக ஓடும் நீர் ஒரு சிறு மேட்டைத் தாண்டும்போது அதன் பின்னால் அழுத்தம் சட்டென்று விழுந்து, நீரே ஆவிக் குமிழாகிறது. அந்தக் குமிழ் அடுத்த நொடியின் சிறு துளிக்குள் நசுங்கி வெடிக்கும்போது கான்கிரீட்டில் உளி அடி விழுகிறது. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின்மீதுள்ள கிளென் கேன்யன் அணையில், 1983 வெள்ளத்தின்போது உபரிநீர்ச் சுரங்கத்தின் தரையில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்துக்குக் குழி விழுந்தது. தொடங்கிவைத்தவை, கசிவுநீரால் சுவரில் படிந்திருந்த சிறு சுண்ணாம்பு மேடுகள். ஒட்டுப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சரியாக மட்டம் பிடிக்காத ஒட்டும் அப்படி ஒரு மேடுதான்.

ஒரு பலகையின் கணக்கு

ஒரு சரிவுத் தளப் பலகையை எடுத்துக்கொள்வோம். தடிமன் 40 சென்டிமீட்டர். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 டன் எடை. ஆக, இந்தப் பலகையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 1 டன். பார்க்க அசைக்க முடியாததாகத்தான் தோன்றும்.

மேலிருந்து 20 மீட்டர் செங்குத்து உயரம் இறங்கிவந்த நீர் இந்தப் பலகையின்மேல் ஓடுகிறது. உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதன் வேகம் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். நீர் தடையின்றி வழுக்கிப் போகும்வரை சிக்கலில்லை. காலப்போக்கில் அடிமண் சற்றே இறங்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள இணைப்பில் கீழ்ப் பலகையின் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிற்கிறது என்று வையுங்கள். இணைப்பை அடைத்திருந்த பொருளும் உதிர்ந்துவிட்டது. ஓடிவரும் நீர் அந்த விளிம்பில் முட்டி நிற்கிறது. முட்டி நின்ற நீர் தன் வேகத்தை அழுத்தமாகத் திருப்பித் தரும். எவ்வளவு? எந்த உயரத்திலிருந்து விழுந்ததோ அந்த உயரத்து நீர்த்தூணின் அழுத்தம். 20 மீட்டர் நீர்த்தூண் என்றால் சதுர மீட்டருக்கு 20 டன்.

இந்த அழுத்தம் இடுக்கு வழியாகப் பலகையின் அடிக்குப் போகிறது. முழுவதும் போகாது. வழியில் இழப்பு உண்டு. அடியில் வடிகால் ஒழுங்காக இருந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். பத்தில் ஒரு பங்குதான் அடியில் தங்குகிறது என்று கஞ்சத்தனமாகவே கணக்கிடுவோம். அதுவே 2 டன். பலகையின் எடையோ 1 டன். மேலே ஓடும் நீரின் எடை அமுக்கிப் பிடிக்காதா என்று கேட்கலாம். அந்த எடையின் அழுத்தமும் அதே இடுக்கு வழியாக அடிக்கும் செல்வதால், அதை நம்பிப் பயனில்லை. அடிப்பாறையில் கம்பிகளால் இறுகக் கட்டியிருந்தால் ஒழிய பலகை எழும்பும். ஒரு பலகை எழும்பினால் அதன் விளிம்பு நீருக்கு இன்னும் பெரிய தடை. அடுத்தடுத்த பலகைகள் போக நெடுநேரம் ஆகாது.

2017 பிப்ரவரி 7 அன்று கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில் நடந்தது ஏறத்தாழ இதுதான். விநாடிக்கு 50,000 கன அடிக்குச் சற்று அதிகமாக நீர் போய்க்கொண்டிருந்தபோது சரிவுத் தளத்தின் நடுவில் பெரும் பள்ளம் விழுந்தது. முந்தைய ஆண்டுகளில் அதைவிடப் பெரிய வெள்ளங்களைச் சுமந்த தளம் அது. ஐந்து நாள் கழித்துக் கீழ்ப்புறத்து ஊர்களிலிருந்து 1,88,000 பேரை வெளியேற்ற வேண்டிவந்தது. தனிக் குழுவொன்று ஆராய்ந்து 2018இல் அறிக்கை தந்தது. வடிகால் குழாய்களைப் பலகையின் அடிப்பகுதிக்குள்ளேயே நுழைத்துக் கட்டியிருந்ததால் அந்தக் கோடுகளில் கான்கிரீட் மெலிந்திருந்தது. கட்டிய சில காலத்திலேயே அந்தக் கோடுகளின்மேல் விரிசல் விழுந்தது. அடியில் சில இடங்களில் இருந்தது கெட்டிப் பாறை அல்ல, உளுத்த பாறை.

இந்தக் கதையில் கூர்ந்து பார்க்க வேண்டியது, அந்த விரிசல்களைக் கவனிக்காமல் விட்டதாக யாரையும் சொல்ல முடியாது என்பதுதான். கவனித்தார்கள். பல முறை ஒட்டுப் போட்டார்கள். விரிசல் விழுவதும் ஒட்டுவதும் வழக்கமான பராமரிப்பு என்று ஆகிவிட்டது. ஒட்டு மேலே மூடியது, அடியில் மெலிந்த பலகையும் உளுத்த பாறையும் அப்படியே இருந்தன. மூன்று கேள்விகளில் முதல் கேள்வியைக் கேட்காமல் மூன்றாவதுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அரை மில்லிமீட்டர்ச் சண்டை

இரண்டாவது கேள்விக்கு வருவோம். காரணம் தெரிந்துவிட்டது, கெட்ட பகுதியையும் எடுத்தாயிற்று. இப்போதாவது கிடைப்பதில் மிக வலுவான பொருளை நிரப்பலாமா? எபாக்சி என்னும் பிசின்சாந்து சாதாரணக் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு வலுவானது, நன்றாக ஒட்டவும் செய்யும். உலகெங்கும் பல அணைகளில் அதை ஆசையோடு போட்டார்கள். வெயில் படும் இடங்களில் அது தகடு தகடாகக் கிளம்பியது. கிளம்பிய தகட்டின் அடியில் பழைய கான்கிரீட்டின் ஒரு படலமும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒட்டு விடவில்லை, ஒட்டப்பட்டதுதான் கிழிந்தது.

காரணம் வெப்பம். நம் ஊர்க் கோடையில் நிழலில்லாத கான்கிரீட் தளத்தின் வெப்பம், பகலுக்கும் இரவுக்கும் இடையே 30 டிகிரி மாறுவது பெரிய விஷயமில்லை. ஒரு மீட்டர் நீளக் கான்கிரீட் அந்த மாற்றத்துக்கு 0.3 மில்லிமீட்டர் நீளும். அதே நீளப் பிசின்சாந்து அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளும், 0.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் அரை மில்லிமீட்டர். பகலில் ஒரு பக்கம், இரவில் மறுபக்கம் என்று ஆண்டுக்கு 365 முறை இந்த இழுபறி. இரண்டில் எது மெலிந்ததோ அது கிழியும். மெலிந்தது பழைய கான்கிரீட். புதியது வலுவாக இருக்க இருக்கத் தோல்வி பழையதின் பக்கம் தள்ளப்படுகிறது.

சிமென்ட் சாந்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, வேறொன்று இருக்கிறது. புதுச் சாந்து உலரும்போது சுருங்கும். பழைய கான்கிரீட் தன் சுருக்கத்தை எப்போதோ முடித்துக்கொண்டது. சிமென்டை அள்ளிப் போட்டு 'வலுவாக்கிய' கலவை இன்னும் அதிகமாகச் சுருங்கி, ஓரத்தில் விரிசல் விட்டுக் கிளம்பிவிடும். ஆகவே நல்ல பழுதுபார்ப்பில் சிமென்டைக் கூட்டுவதற்குப் பதிலாக நீரைக் குறைக்கிறார்கள், ஜல்லியின் அளவை இடத்துக்கேற்பப் பெரிதாக்குகிறார்கள், நாள்கணக்கில் நனைத்து வைக்கிறார்கள். நனைப்பதை மேஸ்திரிகள் 'கியூரிங்' என்பார்கள். காண்டிராக்டர் முதலில் சிக்கனம் பிடிப்பது அதில்தான்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். முதலில் சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே போவார்கள். கெட்டியான இடத்தில் கணீரென்று தெறிக்கும், உள்ளே விட்டுப்போன இடத்தில் 'டொப்'பென்று மழுங்கும். மழுங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதற்கு வெளியே நல்ல கான்கிரீட்டில் நேர்கோடாக ரம்பம் போடுவார்கள். ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்வாக மெலிந்து முடியும் ஓரத்தில் சாந்து காகிதம்போல் இருக்கும், முதலில் உதிர்வது அதுதான். உள்ளே இருப்பதைப் பெரிய இடிப்பு எந்திரத்தால் அடித்தால் அடியிலுள்ள நல்ல கான்கிரீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும். அதனால் வசதியுள்ள இடங்களில் மிக உயர் அழுத்த நீர்த்தாரையால் அறுத்து எடுக்கிறார்கள். நீர்த்தாரை உளுத்ததை மட்டும் தின்று, நல்லதைச் சொரசொரப்பாக விட்டுவிடும். கடைசியில் ஈரம். காய்ந்த பழைய கான்கிரீட் புதுச் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், நீர் தேங்கி நின்றாலோ ஒட்டு பிடிக்காது. உள்ளே ஊறியிருக்க வேண்டும், மேலே மினுங்கக் கூடாது. நீரோடும் தளமானால் பலகையோடு பிணைக்கக் கம்பிகளையும் துளையிட்டு நட வேண்டும். பசையை மட்டும் நம்புவது தவறு.

தொட்டிக்கு வெளியே இருந்த காரணம்

காரணம் எப்போதும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கின்சுவா என்ற அணை. அதன் அமைதித் தொட்டியின் தரை தேய்ந்துபோனதால் 1973-74இல் எஃகு நார் கலந்த கான்கிரீட்டால் மேல்தளம் போட்டார்கள். அந்தக் காலத்தின் புதுமைப் பொருள் அது. ஓரிரு ஆண்டுகளிலேயே மறுபடி தேய்ந்தது. எஃகு நார் விரிசல் பரவுவதைத் தடுப்பதில் கெட்டி. கல் உரசுவதைத் தாங்கும் திறன் அதனால் கூடிவிடாது. 1983இல் சிலிக்கா தூள் சேர்த்த கான்கிரீட் போட்டார்கள். சிலிக்கான் ஆலைப் புகையிலிருந்து பிடிக்கப்படும் இந்த நுண்தூள், சிமென்ட் துகள்களின் இடுக்கையும் அடைத்துவிடுகிறது. வீட்டுக்குப் போடும் கான்கிரீட்டைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வலு.

ஆனால் தொட்டிக்குள் கல் எப்படி வந்தது? மேலிருந்து வரவில்லை. மதகுகளைச் சமமாகத் திறக்காமல் ஒரு பக்கமாகத் திறந்தபோது, தொட்டியில் நீர் சுழன்று, கீழ்ப்புற ஆற்றிலிருந்த கற்களை எதிர்த் திசையில் உள்ளே இழுத்துக்கொண்டு வந்தது. மதகை எந்த வரிசையில் திறப்பது என்ற ஒழுங்கு, கான்கிரீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதற்கு ஒரு மூட்டை சிமென்ட்கூடச் செலவில்லை.

முல்லைப் பெரியாற்றில் மூன்று மருந்துகள்

இந்தியாவில் நீண்ட காலமாகப் பழுதுபார்க்கப்பட்டுவரும் பெரிய அணை முல்லைப் பெரியாறு. பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்தார். முகங்கள் கல்கட்டு, நடு உடல் சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் பொடியும் கலந்த கான்கிரீட். அதன் பாதுகாப்பு பற்றி இரு மாநிலங்களுக்கு இடையே உள்ள வழக்கை இங்கே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது, ஒவ்வொரு மருந்தும் எந்த நோய்க்குக் கொடுக்கப்பட்டது என்பது.

கசிவுநீரோடு சுண்ணாம்பு போய் உள்ளே துவாரங்கள் விழுவது முதல் நோய். 1930களிலும் 1960 வாக்கிலும் அணையின் உடலில் துளைகள் இட்டு, சிமென்ட் பாலை அழுத்தத்தோடு செலுத்தினார்கள். இது துவாரத்தை அடைக்கும், அணைக்கு எடையைப் பெரிதாகக் கூட்டாது. இரண்டாவது சிக்கல் பழுதே அல்ல, அறிவு வளர்ந்ததால் வந்தது. அணையின் அடியிலும் உடலிலும் ஊடுருவும் நீர் அதை மேலே தூக்க முயல்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்க்கவில்லை. பெரியாறு அணை முடிந்த அதே 1895இல்தான் பிரான்ஸின் பூஸே அணை உடைந்து, இந்தத் தூக்குவிசை பொறியாளர்களின் கவனத்துக்கு வந்தது. நாம் பலகையில் பார்த்த அதே விசை, பெரிய அளவில். இதற்கு மருந்து எடையும் பிடிமானமும். 1979க்குப் பிறகு நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்துவிட்டு, அணையின் தலையில் கம்பிக் கான்கிரீட் தொப்பி வைத்தார்கள். உடலைத் துளைத்து எஃகு வடங்களை இறக்கி அடிப்பாறையோடு இழுத்துக் கட்டினார்கள். பின்முகத்தில் தடித்த கான்கிரீட் சுவரைச் சாய்த்து எழுப்பினார்கள். உள்ளே கசிவை அளக்கச் சுரங்கப் பாதை விட்டார்கள். மூன்றாவது கவலை வெள்ளம். பத்தாக இருந்த உபரிநீர் மதகுகளோடு மூன்றைச் சேர்த்துப் பதிமூன்றாக்கினார்கள்.

இங்கே எழுந்த நியாயமான ஆட்சேபம் நம் இரண்டாவது கேள்விதான். நூறாண்டுச் சுண்ணாம்புக் கட்டும் புதுச் சிமென்ட் கான்கிரீட்டும் ஓருடலாக வேலை செய்யுமா? தடித்த கான்கிரீட் இறுகும்போது சூடேறும், ஆறும்போது சுருங்கிப் பழைய முகத்தைவிட்டு விலகப் பார்க்கும். தவிர, முதுகில் எழுப்பும் சுவர், எழுப்பிய பிறகு வரும் சுமையைத்தான் பங்குபோடும். ஏற்கெனவே பழைய அணை தாங்கிக்கொண்டிருக்கும் சுமையை வாங்கிக்கொள்ளாது. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது இத்தகைய வேலையைச் செய்ய வேண்டும் என்பது அதனால்தான். இந்த ஆட்சேபத்துக்குப் பதில் வாதத்தால் கிடைக்காது, அளவீட்டால்தான் கிடைக்கும். இணைப்பைத் துளைத்து மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும், கசிவை நாள்தோறும் அளக்க வேண்டும், வெள்ளம் ஏறி இறங்கும்போது அணை எவ்வளவு அசைகிறது என்று பதிய வேண்டும். உச்ச நீதிமன்றம் 2006லும், அரசியல் சாசன அமர்வாக 2014லும், 142 அடிக்கு நீர் தேக்க அனுமதித்தது. அளக்கும் வேலை அதோடு முடிந்துவிடவில்லை.

இடித்துவிட்டுக் கட்டினால் என்ன?

பழசை ஒட்டிக்கொண்டிருப்பதைவிடப் புதிதாகக் கட்டலாமே என்பது அடிக்கடி வரும் கேள்வி. சில நேரம் அதுதான் சரி. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. அங்கே ஒட்டுப் போடவில்லை, புதிய கதவணை கட்டினார்கள். ஆனால் நீர்த்தேக்கம் ஒன்றை முழுவதும் வடித்துவிட்டு, அதை நம்பியிருக்கும் பாசனத்தையும் குடிநீரையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்துக் கட்டுவது மேட்டூரிலோ பூண்டியிலோ நடக்கிற காரியமா? நோய் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் மருந்தும் அந்தப் பக்கத்துக்குப் போதும். ஆனைமலையில் மின்வாரியத்தின் காடம்பாறை அணையில் கல்கட்டு வழியாகக் கசிவு மிக அதிகமானபோது, 2005இல் நீர்ப்பக்க முகத்தில் பிவிசி படலத்தைப் போர்த்தினார்கள். கான்கிரீட்டையே தொடாத பழுதுபார்ப்பு அது. கசிவு அடங்கியது.

கல்லணை நிற்கிறதே, அதற்கு யார் இதெல்லாம் பார்த்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. அதுவும் பார்க்கப்பட்டதுதான். 1830களில் காட்டன் அதில் மணற்போக்கி மதகுகள் அமைத்தார். அது தாழ்வானது, நீர் அதன்மேல் காரின் வேகத்தில் இறங்குவதில்லை. உள்ளே துருப்பிடிக்கக் கம்பியும் இல்லை. உயரமாகவும் மெல்லியதாகவும் கட்டும் வசதியைக் கம்பி நமக்குக் கொடுத்தது. அதற்கு நாம் கொடுக்கும் விலை பராமரிப்பு.

பார்க்கிறவர்கள்

எதனால் கெட்டது என்ற முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையான கருவிகள் எளியவை. புதிதாக உடைத்த கான்கிரீட்டின் முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கும் இடம் அடர்ந்த இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறமில்லாமல் நிற்கும். கம்பி எந்த நிறப் பகுதிக்குள் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கான்கிரீட்டின் ஊடே ஒலித்துடிப்பை அனுப்பி நேரத்தை அளந்தால், விநாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் போனால் உள்ளே கெட்டி, 3 கிலோமீட்டருக்குக் கீழ் என்றால் சந்தேகம். இந்தச் சோதனைகளைக் கற்றுத்தருகிற இடங்களுக்குக் கிண்டியில் பஞ்சமில்லை. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி 1920இல் கிண்டிக்கு வந்த பொறியியல் கல்லூரி ஒரு பக்கம், அதை ஒட்டிய காட்டுக்குள் ஐஐடி மறுபக்கம். 2012 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை உலக வங்கிக் கடனோடு 7 மாநிலங்களில் 223 அணைகளைப் புனரமைத்த திட்டத்தில், பொறியாளர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரச் சேர்க்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. அடுத்த கட்டங்களுக்கு 19 மாநிலங்களில் 736 அணைகள் எடுக்கப்பட்டன. மதிப்பீடு 10,211 கோடி ரூபாய்.

பணம் வந்துவிட்டது. பணம் வந்தால் முதலில் நடப்பது பூச்சு, ஏனென்றால் பூச்சைப் படம் எடுத்து அறிக்கையில் வைக்கலாம். பலகைக்கு அடியில் அடைபட்ட வடிகாலைச் சுத்தம் செய்ததையும், மதகு திறக்கும் வரிசையை மாற்றியதையும் படம் எடுக்க முடியாது. அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஒவ்வோர் அணையையும் அதன் உரிமையாளர் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. அந்த ஆய்வுப் படிவத்தில் பழுதின் நீள அகலத்துக்குப் பக்கத்தில் 'காரணம்' என்றும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். அது காலியாக இருக்கும்வரை டெண்டர் விடக் கூடாது.